கரண்டு சவரிமுத்து கேட்ட கேள்வி

டோல்கேட்டில் வேப்பமரத்து நிழலில் வாடகைக் காரை நிறுத்திவிட்டுச் சவாரிக்குக் காத்திருந்தேன். இராயபுரத்திலிருந்து வந்த ஜட்காக்காரர் காசிம் பாய் என்னைப் பார்த்ததும் குதிரையை இழுத்துப் பிடித்தார். இறங்கவில்லை. "தருமு, நம்ம சவரி பூட்டாருப்பா" என்றார்.

"இன்னா ஆச்சு பாய்?" என்று கேட்டேன்.

"அதான் ஒண்ணும் புரியல. லேசாக் காச்சல்னு படுத்துனு இருந்தாரு. நேத்து சாயங்காலம்கூட டாக்டர் வந்து பாத்தாராம். நெஞ்சு நல்லாக் கீது, நாடி நல்லாக் கீதுன்னாராம். காலைல எழுப்பினா எழுந்திருக்கல."

உண்மையைச் சொல்கிறேன், அழுகை அப்புறம்தான் வந்தது. முதலில் எனக்குத் தோன்றியது வேறு. எல்லாம் நன்றாக இருந்தும் எழுந்திருக்கவில்லை என்கிற ஒரு சேதியை யாராவது கொண்டுவந்து சொன்னால், எங்கள் சவரிமுத்து அண்ணன் மூக்குப்பொடி டப்பியைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா, அப்பிடியா? எங்கே, மொதல்லருந்து சொல்லு" என்பார். இந்தச் சேதியை அவரிடம்தான் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆளில்லை.

கல்மண்டபத்து நண்பர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் தெரியாதவர்கள் சிலரும் இதைப் படிக்கக்கூடும். இராயபுரத்தில் தெருவுக்கு ஒரு சவரிமுத்து உண்டு. "கரண்டு சவரிமுத்து" ஒருவர்தான். வெகுகாலம் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளில் மின்சார வேலை பார்த்தார். பிறகு அங்கே மேலதிகாரி ஒருவரோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து, கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, மோட்டாருக்குக் கம்பி சுற்றுவது, பாட்டரிக்குக் கரண்டு ஏற்றுவது, ஓடாத காரை ஓடவைப்பது என்று பிழைத்தார். அடக்கம் என்பது அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. "என்னை வுட்டா இந்தப் பேட்டையில வேற எவன் கீறான்?" என்று அவரே கேட்டு, அவரே சிரிப்பார். தப்பாகச் சொல்லிவிட்டால் அதையும் அதே சத்தத்தோடு ஒப்புக்கொள்வார். "நான் சொன்னது சுத்தப் பேத்தல்" என்று நடுரோட்டில் நின்று சந்தோஷமாகச் சொல்லிய மனிதரை நான் வேறு பார்த்ததில்லை.

அவருடைய மைத்துனி கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாதா கோயிலில் பூசை முடிந்து, பந்தலில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல ஆட்டுக்கறி. பந்தி முடிகிற நேரம் வரைக்கும் அண்ணனைக் காணோம். தேடிப் போனால், பந்தலுக்குப் பின்னால் ஒரு காஸ் விளக்கின் எதிரே குந்திக்கொண்டிருக்கிறார். அது மற்ற விளக்குகளைவிட கொஞ்சம் மங்கலாக எரிகிறதாம். ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்காதாம். அவர் மனைவி அருளம்மாள் அக்கா இலையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, "தங்கச்சி கல்யாணத்துலயாவது மனுசனா இரேன்யா" என்று திட்டிக்கொண்டே ஊட்டிவிடாத குறையாகச் சாப்பிட வைத்தார். கறி எப்படி இருந்தது என்று மறுநாள் கேட்டேன். "கறியா? போட்டாங்களா?" என்றார்.

கேள்வி கேட்பதில் அவருக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. தெரியாததை எவரிடமும் கேட்பார். தெரிந்ததை ஒருவரிடமும் கேட்கமாட்டார். குடத்தோடு போகிறவளைப் பார்த்து, "தண்ணிக்கா போறே?" என்று நாமெல்லாம் கேட்கிறோமே, அது அவருக்கு ஆகவே ஆகாது. "கண்ணு அவிஞ்சா பூட்சு? தெரிஞ்சத இன்னாத்துக்குடா கேக்கறே?" என்று சம்பந்தமில்லாத ஆளோடு சண்டைக்குப் போவார். அக்காவுக்கு இதில் தீராத குறை. "கட்டிகினு வந்த நாளா, எப்பிடிக் கீறே, சாப்டியான்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல தம்பி" என்று என்னிடம் முறையிடுவார். அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "நான்தான் பாத்துகினே கீறனே, நீ நல்லாத்தான் கீறே" என்பார். அக்காவுக்கு ஜுரம் வந்தபோது மூன்று தெரு தள்ளிப் போய் ஐஸ் வாங்கிக்கொண்டு ஓடி வந்ததையும் பார்த்திருக்கிறேன். அப்போதும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

என்னிடம் கேட்பதற்கு அவருக்கு நிறைய இருந்தது. நான் புளியந்தோப்புச் சேரியைச் சேர்ந்தவன். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து பௌத்தம். "ஏன் நைனா, உங்க புத்தரு நான் சாமி இல்லேன்னு சொல்லிட்டாருன்றே. அப்போ வயித்துவலி வந்தா யாராண்ட நேந்துக்குவே?" என்பார். பரிகாசம் இல்லை, நிஜமாகவே தெரியவேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து அடுத்த கேள்வியைப் போடுவார். இப்படி எங்கள் சிநேகம் வளர்ந்தது. ஆனால் அது தொடங்கிய விதம் வேறு. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

அப்போது நான் ஓர் உப்பு வியாபாரியிடம் டிரைவராக இருந்தேன். எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களிலிருந்து வண்டி வண்டியாய் உப்பு வந்து இறங்கும் கிடங்கு அவருடையது, வீட்டை ஒட்டியே இருந்தது. பெயர் வேண்டாம், முதலாளி என்றே சொல்கிறேன். கெட்டவர் இல்லை. குரல்தான் பெரிது. எங்கள் தெருவில் மோட்டார் ஓட்டுகிற முதல் ஆள் நான். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நான் புறப்பட்டால் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்கும். எனக்குப் பின்னால் இன்னும் சிலர் லைசென்சுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். நான் ஒழுங்காக இருந்தால் அவர்களுக்கும் வேலை கிடைக்கும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது ராத்திரி பகலாக மனசிலேயே இருக்கும்.

அந்த வருஷம் காரின் பழைய பாட்டரி சோர்ந்துவிட்டது. முதலாளி புதிதாக ஒன்று வாங்கினார். ஆயுத பூஜை நெருங்கிவிட்டதால், புதுச் சாமானைப் பூஜையில் வைத்துத்தான் காரில் மாட்டுவது என்று முடிவு. பூஜையன்று விடிவதற்குள் நான் காரைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டேன். முதலாளி தலைமுழுகி ஈர வேட்டியோடு வந்தார். "நீ கேட்டாண்ட நில்லு" என்றார். நின்றேன். நான் கழுவிய கார், நான் ஓட்டும் கார், ஆனாலும் நான் கேட்டருகே. தராசு, படிக்கல், சாவிக்கொத்து, சாக்கு தைக்கும் ஊசி, அவற்றோடு பாட்டரி, எல்லாவற்றுக்கும் படையல் நடந்தது. பிறகு முதலாளியும் அவர் மச்சானும் பாட்டரியைத் தூக்கிவந்து டிரைவர் காலடிப் பலகைக்குக் கீழே இறக்கினார்கள். முதலாளியே ஸ்பானரை வாங்கிக் குனிந்து முடுக்கினார். எந்தக் கம்பி எந்தப் பக்கம் என்று நான் கேட்டிலிருந்தே குரல் கொடுத்தேன். தெரியும் தெரியும் என்பதுபோல் திரும்பாமலே கையை ஆட்டினார். அன்று ஆயுதங்களுக்கு ஓய்வு என்பதால் காரை எடுக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. குடும்பத்தோடு திருவொற்றியூர் கோயிலுக்குப் புறப்பாடு. கார் முழுக்கச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. தெருவே வேடிக்கை பார்க்கிறது. நான் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டர் குமிழைக் காலால் மிதித்தேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி மிதித்தேன். ஊஹூம். இறங்கிப் போய் முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். தோள் கழன்றுவிடும்போல் சுற்றினேன். இஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. அந்த எலுமிச்சம்பழங்கள் நாலும் பளபளவென்று என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. ஐயோ, அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

"புது பாட்டரி. முந்தாநேத்து வரைக்கும் ஓடின வண்டி. டேய், இன்னாடா பண்ணே?" என்றார் மச்சான். நான் ஒன்றும் பண்ணவில்லை என்றேன். "இவனுங்களுக்குப் பூஜையில நம்பிக்கை கெடயாது. எதையோ புடுங்கி வெச்சிட்டான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். வேடிக்கை பார்த்தவர்களும் ஆளுக்கு ஒரு தரம் கேட்டார்கள். பால்காரர் கேட்டார், எதிர்வீட்டு மாமி கேட்டாள். கேள்வி ஒன்றுதான்: இன்னா பண்ணே?

பாட்டரி விற்ற கடையிலிருந்து ஆள் வந்தான். மூடியைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் திராவகத்தை உறிஞ்சிப் பார்த்து, "ஃபஸ்ட் கிளாஸ்" என்று போய்விட்டான். ஒரு மெக்கானிக் வந்தார். ஸ்டார்ட்டரைக் கழற்றித் தரையில் வைத்துத் தன் பாட்டரியோடு சேர்த்தார். அது பம்பரமாய்ச் சுற்றியது. திரும்ப மாட்டினால் ஊமை. பெட்ரோல் இருந்தது, கம்பி ஒன்றும் அறுபடவில்லை. பாட்டரி நல்லது, ஸ்டார்ட்டர் நல்லது, பெட்ரோல் நல்லது. மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். முதலாளி அப்படித்தான் கணக்குப் போட்டார். "பொழுது சாயறதுக்குள்ள வண்டி ஓடணும். இல்லேன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிடு. வாடகைக் கார் ஸ்டாண்டுல கீற அத்தனை மொதலாளிங்களாண்டயும் நானே சொல்றேன், புளியந்தோப்பு ஆளை வெச்சிக்காதீங்கன்னு" என்றார். என் வேலை போனால் வேறு பார்த்துக்கொள்வேன். லைசென்சுக்குக் காத்திருக்கிறவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

யாரோ சொல்லித்தான் தகரக் கொட்டகைக்கு ஓடினேன். அதற்கு முன் அண்ணனை நான் தூரத்தில் பார்த்ததோடு சரி. விஜயதசமியும் அதுவுமாய் அவர் பாட்டுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். கார் கிளம்பவில்லை, பாட்டரி புதுசு என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "வண்டிக்கு இன்னா ஆச்சு?"

அதை எப்படிச் சொல்வேன்! காலையிலிருந்து அத்தனை பேரும் நான் என்ன செய்தேன் என்று கேட்டார்கள். வண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட முதல் ஆள் இவர். அவர் "வா, டீ குடிச்சிக்கினே பேசுவோம்" என்று எதிர்க்கடைக்கு அழைத்துப் போனார். எந்த வண்டியானாலும் அவர் வழக்கம் அதுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஒரு டீ குடித்து முடியும்வரை பேசவிட்டுக் கேட்பார். அதற்குப் பிறகுதான் கை வைப்பார். "இஞ்சினுக்கு வாயில்ல. ஓட்றவனுக்குத்தான் கீது. அவனைப் பேச வுடாம பானெட்டைத் தொறக்கறவன் மடையன்" என்பார்.

கடைசியாக எப்போது ஓடியது என்று கேட்டார். பூஜைக்கு முதல் நாள் என்றேன். அதற்கப்புறம் வண்டியில் எது எது மாறியது என்றார். பாட்டரி ஒன்றுதான். "மாட்னது யாரு?"

"மொதலாளியே மாட்னாரு அண்ணே. என்னைக் கேட்டாண்ட நிக்க வெச்சுட்டாங்க."

"டிரைவரு நீ. உன்னை ஏன் நிக்க வெச்சாங்க?"

"நான் புளியந்தோப்பு அண்ணே" என்றேன்.

அவர் எதற்கும் மேலே ஒரு கேள்வி வைத்திருப்பவர். இதற்கு மேலே ஒன்றும் கேட்கவில்லை. டீயை முடித்தார். "ம்" என்றார். நடந்தோம்.

வாசலில் இன்னும் கூட்டம் கலையவில்லை. அண்ணன் காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். என்னை ஏறி முன் விளக்கைப் போடச் சொன்னார். விளக்கு பீடி நுனி மாதிரி சிவப்பாய்க் கண் விழித்தது. "இப்போ ஸ்டார்ட்டரை மிதி." மிதித்தேன். விளக்கு பொசுக்கென்று அணைந்தது. காலை எடுத்தேன், மறுபடி சிவந்தது. அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. யாரோ பலகாரத் தட்டை நீட்டினாற்போல் கையைத் தேய்த்துக்கொண்டார். "ஆஹா! இன்னொரு தபா மிதி நைனா" என்றார். வேண்டியதற்கு மேல் நாலு தரம் மிதிக்க வைத்தார். எனக்கு உயிர் போகிறது, அவருக்கு வேடிக்கையாக இருக்கிறது என்று உள்ளுக்குள் கொதித்தேன்.

"பாட்டரியில கரண்டு ரொம்பிக் கீது. ஆனா வெளிய வர்ற வழியில யாரோ குந்திக்கினு கீறாங்க. சொட்டுச் சொட்டாத்தான் வுடறாங்க. ஸ்டார்ட்டருக்குச் சொட்டுப் போதாது, அதுக்குக் குடம் குடமா வோணும். இஞ்சின்ல பொறி வுழறதுக்கும் பாட்டரி கரண்டுதான் வரணும், அதான் கைப்பிடி போட்டும் கெளம்பல" என்று கூட்டத்துக்கே பாடம் நடத்தினார். பிறகு காலடிப் பலகையைத் தூக்கச் சொன்னார். உள்ளே பாட்டரி. அதன் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஈயக் குமிழ் இரண்டுக்கும் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம், ஒரு வாடிய சாமந்தி. காரில் எங்கே பார்த்தாலும் சந்தனம் இருந்ததால் அது யார் கண்ணிலும் தனியாகப் படவில்லை. பட்டிருந்தாலும் சாமிக்கு வைத்ததை யார் தொடுவார்கள்?

அண்ணன் பொடி டப்பிகள் இரண்டு வைத்திருப்பார். ஒன்றில் பொடி, இன்னொன்றில் ஒரு சின்ன பல்பு, அதில் பற்றவைத்த இரண்டு கம்பிகள், கம்பி முனைகளில் குண்டூசிகள். ஊசிகளைச் சந்தனத்துக்குள்ளே இறக்கி இரண்டு குமிழிலும் தொட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. அதே ஊசிகளைக் குமிழ்களைக் கவ்வியிருந்த பித்தளை வளையங்களில் வைத்தார். பல்பு மங்கிப் போனது. குமிழ், வளையம், குமிழ், வளையம். பளிச், மங்கல், பளிச், மங்கல். அண்ணன் ஒரு சிட்டிகைப் பொடி போட்டுக்கொண்டு, பெரிதாகத் தும்மி, என்னைப் பார்த்தார். அப்புறம் முதலாளியைப் பார்த்தார்.

"மொதலாளி, நீங்களே வந்து தொட்டுப் பாருங்க" என்று கம்பிகளை அவரிடம் நீட்டினார்.

அத்தனை பேர் எதிரே குந்துவதா என்று முதலாளி தயங்கினார். ஆனால் பல்பு எரிகிற வேடிக்கையை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? பட்டுக்கரை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கார்ப் படியருகே குந்தினார். குமிழில் வைத்தார், எரிந்தது. வளையத்தில் வைத்தார், மங்கியது. "அட" என்றார். "எங்கே, இன்னொரு தரம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மறுபடி வைத்தார். கொஞ்ச நேரத்தில் கூட்டத்தையும் மறந்தார், கௌரவத்தையும் மறந்தார். அந்தப் பெரிய குரல் எங்கேயோ போய்விட்டது.

"குமிழும் வளையமும் ஒட்டிக்கினுதானே கீது? நடுவுல இன்னா பூந்துட்டு கீது?" என்று அவரே அண்ணனைக் கேட்டார்.

"கழட்டித்தான் பாக்கணும்."

முதலாளி ஸ்பானரை வாங்கிக் கழற்றினார். வளையத்தின் உள்வட்டம் முழுக்கச் சந்தனம். காய்ந்து, இறுகி, சுவரில் பூசிய சுண்ணாம்பு மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. குமிழைச் சுற்றிலும் அப்படியே. தாராள மனசு, கை நிறைய அப்பிவிட்டு அதன்மேலேயே வளையத்தை முடுக்கியிருக்கிறார்.

மச்சான் விடவில்லை. "சாமி சந்தனம் போய் வண்டிய நிறுத்துமா?" என்றார்.

"சந்தனம் நல்லது சார். நெத்திக்கு நல்லது. கரண்டுக்கு நெத்தி கெடயாதே" என்றார் அண்ணன். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இத்தைத் துடைக்கணும் மொதலாளி. நான் வேதக்காரன், மாதா கோயிலு ஆளு. தருமு புத்தரு ஆளு. உங்க சாமிக்கு வெச்சது மேல நாங்க கை வெக்கறது மொறையில்ல. நீங்கதான் துடைக்கணும்."

முதலாளி இரண்டு கையையும் கூப்பி ஒரு தரம் கும்பிட்டுவிட்டு, தோள் துண்டால் துடைத்தார். அண்ணன் கொடுத்த உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும் வரை தேய்த்தார். உடம்பு வியர்த்துவிட்டது. "ஆச்சு, மாட்டிடலாமா?" என்று ஸ்பானரை எடுக்கப்போனார். அண்ணன் ஸ்பானரைத் தன் கையில் எடுத்துக்கொண்டு கார்ப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து இத்த மாட்னது யாரு?" என்று கேட்டார்.

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதெல்லாம் இப்போ இன்னாத்துக்கு? வண்டி ஓடட்டும்" என்றார்.

"எனக்குத் தெரியணும் மொதலாளி. தெரியாம நான் மாட்டமாட்டேன்." குரலில் கோபம் இல்லை. காஸ் விளக்கு ஏன் மங்கல் என்று கேட்கிற அதே குரல். கேட்டுவிட்டு, பொடி டப்பியைத் தட்டிக்கொண்டு, எத்தனை நேரமானாலும் சரி என்பதுபோல் இருந்தார். மச்சான் எதையோ தேடுகிறவர் மாதிரி கிடங்குக்குள் போய்விட்டார். முதலாளி துண்டை உதறினார், மடித்தார், மறுபடி உதறினார்.

"நான்தான் மாட்னேன்" என்றார் கடைசியில். "தருமு அந்தாண்ட கேட்டாண்ட நின்னுனு இருந்தான். அவன் கையே படல."

அண்ணன் எழுந்தார். ஸ்பானரை முதலாளியிடம் கொடுக்கவில்லை, என்னிடம் நீட்டினார். "மாட்டு நைனா. இது டிரைவர் வேலை."

மாட்டினேன். முதல் திருகு பிடிக்கவே இல்லை. ஏறி உட்கார்ந்து மிதித்தேன். உறுமிக்கொண்டு எழுந்தது பாருங்கள், எனக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கின வாசனையோடு கார் தெருவில் இறங்கியது. முதலாளி திருவொற்றியூர் போய்ச் சேரும்வரை பல்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். காலையில் சொன்னது ஒன்றையும் பற்றிப் பேசவில்லை. மன்னிப்பு எதிர்பார்த்தேனா என்றால், எதிர்பார்த்தேன். கிடைக்கவில்லை. ஆனால் தெருவெல்லாம் கேட்க ஒரு வார்த்தை சொல்லிவிட்டாரே, அதை யாரும் திரும்ப வாங்க முடியாது. அடுத்த சித்திரைக்குள் எங்கள் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேர் அதே ஸ்டாண்டில் காக்கிச் சட்டையோடு நின்றார்கள்.

மறுவருஷம் ஆயுத பூஜைக்குப் பாட்டரியைக் கழற்றிப் படையலில் வைத்த முதலாளி, பூஜை முடிந்ததும் கேட்டைப் பார்த்து, "தருமு, இத்த நீயே வந்து மாட்டிடு" என்று கூப்பிட்டார். போனேன். ரொம்ப உள்ளே இல்லை, பாட்டரி வரைக்கும். சந்தனத்தை இந்தத் தடவை பாட்டரிப் பெட்டியின் வயிற்றில் வைத்திருந்தார். இதை அண்ணனிடம் சொன்னபோது, "எவ்ளோ சந்தனம் பூசினா எவ்ளோ கரண்டு நிக்குது, பாக்கணுமே" என்று கொட்டகையில் ஒரு பழைய பாட்டரியை எடுத்துவைத்துக்கொண்டார். அக்கா மாதா திருவிழாவுக்கு வைத்திருந்த சந்தனக்கட்டை அன்றைக்குப் பாதி தேய்ந்தது.

அடக்கத்தன்று இராயபுரத்தில் ஜட்கா, லாரி, கார் எல்லாம் வரிசை கட்டி நின்றன. கல்லறையிலிருந்து திரும்பியதும் அருளம்மாள் அக்கா என்னை அழைத்து ஒரு பொடி டப்பியைக் கையில் வைத்தார். "பொடி இருக்கிறது எது, பல்பு இருக்கிறது எதுன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல தம்பி. தொறந்து தும்மிட்டுத்தான் கண்டுபிடிச்சேன்" என்றார். சிரிப்பும் அழுகையுமாய் இரண்டு பேரும் நின்றோம். அவர் எழுந்திருக்காமல் போனதற்குக் காரணம் டாக்டருக்கும் தெரியவில்லை என்றார் அக்கா. "அவருக்காவது தெரிஞ்சிதோ இன்னாவோ" என்றார்.

அந்தப் பல்பு இப்போது என் காரில் ஆசனத்தடியில் இருக்கிறது. ஆனால் நான் வைத்துக்கொண்டிருப்பது அது மட்டுமில்லை. அவர் முதலாளியைக் கேட்ட அந்தக் கேள்வியையும் வைத்திருக்கிறேன். நாங்கள் நன்றாகப் பழகிய பிறகு ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன்: "அண்ணே, அன்னிக்கு எனக்காவத்தான அப்படிக் கேட்டீங்க?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்காவ இன்னாத்துக்குக் கேக்கறேன்? எனக்குத் தெரியணும்னு இருந்திச்சி, கேட்டேன்" என்று கம்பி சுற்றப் போய்விட்டார்.

இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் அண்ணே, நீங்கள் இனி சண்டைக்கு வர முடியாது. உங்களுக்கு அப்போதே பதில் தெரியும். மாட்டினது யார் என்று டீக்கடையிலேயே கேட்டீர்கள், நான் சொல்லிவிட்டேன். தெரிந்ததை ஒருவரிடமும் கேட்காத நீங்கள், ஆயுளில் அந்த ஒரு தரம் கேட்டீர்கள்.